நாற்பது விழுக்காடு

இந்த ஊரில் ஆடிதான் குளிர்.
ம்சுண்டூசி ஆற்றின்மேல் காலை எட்டுக்கும் மூடுபனி,
நார்த்டேல் தகரக் கூரைகளில் வெள்ளை உறைபனி.
பதினொரு மணிக்கெல்லாம்
ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள்.

மருத்துவமனைக் கூட்டத்தில் மூட்லி கேட்டார்:
மிகக் கடுங்குளிர் இரவில் உங்கள் வெப்பப்பம்பு தாங்குமா?
தாங்கும் என்றேன்.
அந்த ஒரு கேள்விக்குத்தான்
எல்லோரிடமும் பதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மணிகளை எண்ணினேன்.
ஆண்டுக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது.
முழுமூச்சாய் ஓடவேண்டியவை,
பத்தாண்டுப் பதிவை இரண்டு தரம் கூட்டியும்,
பத்தொன்பது.
மீதியெல்லாம் பாதி, பாதிக்கும் கீழே,
செப்டம்பர் மதியங்களில் கால்வாசி.
பத்தொன்பது மணிக்காக ஒன்றைப் படைத்துவிட்டு
மற்ற நாளெல்லாம் திணறவிடுவதா?

கோயிலில் கூழ் காய்ச்சும் அண்டாவில்
ஒரு டம்ளர் பாலை ஊற்றி அடுப்பேற்றிப் பாருங்கள்.
ஓர் ஓரத்தில் தீயும், இன்னோர் ஓரம் நனையவே நனையாது.
ஆவியாக்கியின் பதினாறு பாதைகளிலும்
திரவம் குறைந்த நாளில் அதுதான் நடக்கிறது:
கீழ்வரிசைக்கு வயிறு முட்ட,
மேல்வரிசைக்கு வெறும் வாயு.
(எங்கள் வீட்டுப் பந்தி ஒன்று நினைவுக்கு வந்தது. வேண்டாம்.)

பதினாறைப் பன்னிரண்டாக்கினேன்.
பாதை நீளும், ஓட்டம் விசை கூடும்.
அந்தப் பத்தொன்பது மணியில்
அழுத்தம் கொஞ்சம் வீணாகும்.
ஆகட்டும். அங்கே கொஞ்சம் தோற்கச் சம்மதம்.

சுமை பாதியானால்
உலோகப் பரப்பு பெருகுவதில்லை,
பெருகியதுபோல் நடந்துகொள்ளும்.
காற்றுக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த எட்டுப் பாகை
நாலாகச் சுருங்கும்.
இடைவெளி குறையக் குறைய
மின்சாரமும் குறையும், தகடுகளில் பனியும் கட்டாது.
அவசரமில்லாதவர்கள்
இவ்வளவு அருகில் நின்று கைமாற்றிக்கொள்ள முடிகிறது.

எண்ணெய்தான் தூங்கவிடவில்லை.
கம்ப்ரஸர் மெல்லச் சுழலும்போது
ஏறுகுழாயில் எண்ணெயைத் தூக்கிப்போக
வாயுவுக்குத் தெம்பில்லை.
ஒன்றுக்கு இரண்டு குழாய் வரைந்தேன்,
ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது.
தெம்பு குறைந்தால் எண்ணெய் வழிந்து வந்து
அடிவளைவில் தேங்கும்.
தேங்கித் தடித்த குழாயைத் தானே அடைக்கும்.
பிறகு வாயு முழுதும் மெலிந்ததில் நுழைந்து
விசையோடு மேலேறும், எண்ணெயையும் இழுத்துக்கொண்டு.
வால்வு இல்லை, மின்கம்பி இல்லை,
தேக்கமே வழி திருப்புகிறது.
இதை முதலில் யோசித்தவர் யாரோ,
அவருக்கு ஒருவேளை நல்ல சாப்பாடு போடவேண்டும்.

அறுவைக்குப் பிறகு
ஐந்து மாதமாய் நான் அரைநாள்தான் வேலை பார்க்கிறேன்.
அலுவலகத்தில் என்னிடம்
கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்.
வரைபடத்தில் இதை எங்கும் குறிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம், மொட்டைமாடி, இரவு பத்து.
ம்போங்கேனி ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து
முனையைக் குழாயில் ஊன்றிக் கேட்கிறார்.
விரிவு வால்வு திறந்து மூடித் தவிக்கவில்லை.
பன்னிரண்டு பாதைகளையும் தொட்டு அளந்தோம்,
அரைப் பாகை வித்தியாசம்.
"ஒன்றுமே நடக்கவில்லையே" என்கிறார், சந்தேகமாக.
ஆமாம் என்கிறேன்.
இதைச் சொல்ல ஒன்றரை வருடம் ஆயிற்று.

மூட்லி போன் செய்கிறார்.
கடுங்குளிர் இரவு வந்துவிட்டதா?
இல்லை சார், வெளியே பதினோரு பாகை,
இன்றைக்கு வெறும் செவ்வாய்க்கிழமை.

திரையில் நாற்பது விழுக்காடு.
கீழே, மூன்றாம் தளத்தில்,
யாரோ வெந்நீர்க் குழாயைத் திறக்கிறார்கள் போல.
நாற்பத்தொன்று.
கொஞ்ச நேரம் நிற்கிறது.
நாற்பது.